எங்கள் ஒழுங்கைக் கான் யாருடையது?

2024 நவம்பர் 27

திருகோணமலை உவர்மலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: “அக்கா, எங்கட ஒழுங்கை முனை லைற் நாலு மாதமா எரியேல்லை. நேற்று மழைக்குக் கான் (தெருவோர வடிகால்) பொங்கி வாசல்படி மட்டும் தண்ணி. முந்தி வட்டாரத்துக்கு இருந்த உறுப்பினரிட்டப் போனா, ‘நான் இப்ப உறுப்பினர் இல்லையம்மா’ எண்டு சொல்லுறார். அப்ப ஆரிட்டச் சொல்லுறது? சபை இருந்தாலும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான் எண்டு அம்மா சொல்லுறா.”

அந்த உறுப்பினர் பொய் சொல்லவில்லை. 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளுக்கு நாலு வருட ஆயுள். ஒரு வருடம் நீட்டினார்கள். 2023 மார்ச் 19 உடன் அதுவும் முடிந்தது. அந்த மாதம் 9 ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல், காசில்லை என்று நின்றுபோனது. அன்றிலிருந்து ஊரூராக உறுப்பினர் இல்லாத சபைகள்தான், உத்தியோகத்தர்கள் நடத்துகிறார்கள். தேர்தல் வைக்காமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் இந்த ஓகஸ்ட்டில் சொல்லியிருக்கிறது. இனித்தான் பார்க்க வேண்டும்.

அம்மா சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. குப்பை ட்ரக்டர் வருகிறது, மீன் சந்தை திறக்கிறது. 20 மாதமாக உறுப்பினர் இல்லாமல் ஊர் ஓடித்தானே இருக்கிறது.

லைற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். கம்பம் மின்சார சபையுடையது, அதில் தொங்குகிற விளக்கு நகரசபையின் பொறுப்பு. வீட்டில் கரண்ட் இல்லையென்றால் 1987க்கு அடியுங்கோ. தெரு விளக்கென்றால் நகரசபைக்குக் கடிதம். அதில் கம்பத்தின் இலக்கத்தை எழுத வேண்டும். “மாமரத்தடிக் கம்பம்” என்று எழுதினால் திருமலையில் எந்த மாமரத்தைத் தேடுவார்கள்? கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. நான் போட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான்.

கான் கதை பிறகு. என் கடை வாசலிலேயே தண்ணீர் ஏறுகிறது. பேப்பர் ரீம்களை மேசைக்கு மேலே தூக்க வேண்டும்.

2024 நவம்பர் 29

தூக்கப் பிந்திவிட்டேன். கீழ்த் தட்டில் இருந்த 9 ரீம் போச்சு. ஊறின ரீமைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு குழந்தை கனம் கனக்கும்.

தாழமுக்கம் கரையோரமாக வடக்கே போய்விட்டதாம். எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் மட்டும் போகவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கடை வாசலில் கானுக்கு மேலே போட்ட கொங்கிரீட் சிலாப் மட்டும் தீவு மாதிரித் தெரிந்தது. அதில் ஏறி நின்றுதான் படம் எடுத்தேன்.

எனக்கு விளங்காதது இதுதான். கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு நடுவில் வெள்ளத்தில் நிற்கிறோம். வாடைக்காலத்தில் கடல் உயர்ந்து, கான் வாயை மணல் மூடிவிடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் பக்கத்து ஒழுங்கையில் வடிந்துவிட்டதே! கீழ்வீட்டுக்காரர் இளநீர்க் கோம்பையைக் கானுக்குள் தள்ளுகிறவர். எனக்கு அவரில்தான் சந்தேகம்.

இனி டெங்குதான். கான் முழுக்க நுளம்பு.

2024 டிசம்பர் 4

திருத்தம். போன குறிப்பின் கடைசி வரியை விட்டுவிடுங்கோ.

நேற்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பி ஒருவர் வீடு வீடாக வந்தார். கானைக் காட்டி ஒரு பாட்டம் முறையிட்டேன். அவர் கானை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அக்கா, உந்த ஊத்தைத் தண்ணியில வாறது வேற நுளம்பு. டெங்கு நுளம்பு நல்ல தண்ணி தேடும்” என்று சொல்லிக்கொண்டே நேராகக் கடைக்குள் வந்து மேசையில் இருந்த மணிபிளான்ட் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நாலைந்து குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டை இழுக்கச் சொன்னார். அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. பிரிட்ஜ் வாங்கி 11 வருடம்.

நுளம்பு பெருக விட்டால் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் வரைக்கும் போகலாம். எனக்கு எச்சரிக்கையோடு விட்டார். அவர் காட்டிய படிவத்துக்கு மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அது இலஞ்சமா என்று இரவு யோசித்தேன்.

2024 டிசம்பர் 11

கானுக்குக் கடிதம் கொண்டு மூன்று கந்தோர் ஏறி இறங்கினேன். வீதிக்கு வீதி சொந்தக்காரர் வேறு என்பது எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. கண்டி வீதி, அநுராதபுரம் வீதி எல்லாம் அந்தக் கணக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. மிச்சச் சின்ன வீதியும் ஒழுங்கையும் உள்ளூராட்சி சபைக்கு. நான் கடைசிப் படியில் கேட்க வேண்டியதை முதல் படியில் இருந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். குழாய் உடைந்து ஓடினால் அது வேறு ஆட்கள், நீர்வழங்கல் சபை, 1939.

மூன்றாவது இடத்தில் இருந்த பிள்ளை, “ஒழுங்கைக்குப் பேர் என்னக்கா?” என்று கேட்டா. 30 வருடமாக இருக்கிறேன். “மாவு மில் ஒழுங்கை” என்று சொல்லிப் பழக்கம். அந்த மில்லே இப்போது இல்லை.

2025 ஜனவரி 29

அவசரக் குறிப்பு. முழு வருடத்துச் சோலைவரியை (வீடு, கடைக்குச் சபைக்குக் கட்டுகிற வரி) ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்குக் காலாண்டு கட்டுகிறவர்களுக்கு அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். மார்ச் வரைக்கும் நேரம் இருக்கிறதென்று போன வருடம் ஒருவருக்குச் சொன்னேன். அது என் பிழை. நானும் பெப்ரவரியில் போய் நின்று முழுக் காசும் கட்டிவிட்டு வந்தேன்.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒருவர் நகரசபைக்கு எழுதிய முறைப்பாட்டைப் பிரதி எடுக்க வந்தார். ஐயா, நீங்கள் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. உப்புவெளியும் அப்படித்தான். கடிதத்தைத் திருப்பி எழுதினார். இரண்டாவது தடவைக்கும் காசு வாங்கினேன்.

2025 மார்ச் 21

உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனு நாலு நாளும் நேற்று மத்தியானத்தோடு முடிந்தது. 2023 இல் கொடுத்த மனுக்களை நாடாளுமன்றம் போன மாதம் சட்டம் போட்டு இரத்தாக்கிவிட்டபடியால், எல்லாருக்கும் முதலில் இருந்து. அந்த நாலு நாளும் மெஷினுக்குக் காய்ச்சல். எல்லாக் கட்சிக்காரரும் வந்தார்கள். ஒருவர் வந்தால் மற்றவர் வெளியே சிலாப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்து நிற்பார். ஒரே மெஷினில் எல்லாருடைய இரகசியமும் சூடாக வெளியே வந்தது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

எங்கள் நகரசபை இப்போது மாநகரசபை. தவிசாளர் போய் மாநகர முதல்வர் வருவார். என் விரலுக்கு “நகரசபை” என்றுதான் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2025 ஏப்ரல் 6

இரண்டு நாள் நித்திரை இல்லை. பிறப்புச் சான்றிதழில் உறுதிப்படுத்தாத போட்டோ கொப்பி வைத்ததற்காக நாட்டில் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, வழக்குப் போய், சிலவற்றை ஏற்கச் சொல்லித் தீர்ப்பு வந்திருக்கிறது. என் கடைக் கொப்பியும் அதில் இருந்திருக்குமோ? எதிர்வீட்டு ரீச்சரக்கா சிரிக்கிறா: “கொப்பி தெளிவாத்தானே இருந்தது, ஒப்பம் வாங்காதது அவையள்ற பிழை.” சரிதான். ஆனாலும் இனிப் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வருகிற எல்லாரிடமும் “எதுக்கு?” என்று கேட்கிறேன். கலியாணத்துக்கு என்கிறார்கள்.

உவர்மலைத் தங்கச்சியின் லைற் இன்னும் எரியவில்லை. கடிதம் எழுதினாவாம், ஆனால் கம்ப இலக்கம் இல்லாமல். ஏன் பிள்ளை என்று கேட்டால், இலக்கத்துக்கு மேலே வேட்பாளர் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு மேலே இன்னொருவர். கிழித்தால் கட்சிச் சண்டை வரும் என்று பயம்.

வட்டார முறை பற்றிக் கேட்டவருக்கு: 60 வீதம் வட்டாரத்தில் வென்று வருவார்கள், 40 வீதம் கட்சி எடுத்த மொத்த வாக்கின் கணக்கில் மேலதிகப் பட்டியலில் இருந்து வருவார்கள். ஒரே புள்ளடிதான், இரண்டுக்கும் அதுவே. பட்டியலில் இருந்து யார் என்பதைக் கட்சிதான் பிறகு சொல்லும். பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் கிடையாது. லைற்றுக்கும் கானுக்கும் வட்டாரத்து ஆளைப் பிடியுங்கோ.

2025 மே 7

நேற்று 7 மணிக்கே போய் வாக்குப் போட்டுவிட்டேன். பின்னேரம் 4 மணிக்குப் பெட்டி மூடினார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும், இங்கே எழுதிச் சண்டை வாங்கவில்லை. ஒரு கட்சி பாதிக்கு மேலே எடுத்தால் முதல்வரை அதுவே சொல்லும். எடுக்காவிட்டால் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. கோயிலில் பூ வைத்துப் பார்க்கிற மாதிரித்தான்.

2025 மே 30

மான் பற்றி எழுதாமல் திருமலை பற்றி எழுதக்கூடாது என்று ஒருவர் கோபிக்கிறார்.

வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: இங்கே புள்ளிமான் தெருவில் திரியும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நின்று படத்துக்கு முகம் காட்டுகிற மான்கள் பணக்கார மான்கள். பஸ் நிலையத்துப் பக்கமும் கடற்கரையிலும் ஒழுங்கைகளிலும் திரிகிறவை எங்களைப் போல. சாப்பாட்டுப் பார்சல் சுற்றின பொலித்தீனில் கறி வாசம் இருந்தால் பொலித்தீனோடு விழுங்கும். லஞ்ச் சீற்றை 2017 இலேயே தடை செய்தார்கள். மானுக்கு அது இன்னும் தெரியாது. செத்த மானின் வயிற்றுக்குள்ளிருந்து பந்து பந்தாகப் பொலித்தீன் எடுத்திருக்கிறார்கள்.

குப்பைப் பையை இரவில் வெளியே வைக்காதீர்கள், விடிய ட்ரக்டர் சத்தம் கேட்டதும் வையுங்கோ. நான் கேற்றில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு கலைமான் பின்னங்காலில் எழும்பி நின்று, சந்தையில் புடைவை பார்க்கிற மாதிரிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அடியில் கிழித்தது.

2025 ஜூலை 22

புதிய சபைகளுக்கு ஜூன் 2 இல் இருந்து காலம் ஓடுகிறது. ரீச்சரக்கா ஒரு வேலை செய்தா. எங்கள் ஒழுங்கையும் கானும் யாருடைய பொறுப்பில் இருக்கிறதென்று தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டா. 2016 ஆம் ஆண்டுச் சட்டம். 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும். முதல் படிவத்தில் திகதியைப் பிழையாக எழுதிக் கசக்கி வாசலில் போட்டா, அதை மான் தின்றது. இரண்டாவது போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது: இரண்டும் சபையின் பொறுப்பு. இதற்கா மூன்று கந்தோர் ஏறினேன்.

பதிலை எடுத்துக்கொண்டு வட்டார உறுப்பினரிடம் போகிறோம். சபை இருந்தாலும் ஒன்றுதான் என்று போன வருடம் எழுதினதை இப்போதைக்குப் பாதி வாபஸ் வாங்குகிறேன். சொல்லிவிட்டு வர ஒரு படலை இருக்கிறது, அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 18

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன்.

மழைக்கு முதல் கான் துப்புரவு செய்ய ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வைக்காரர் ஒருவர், மண்வெட்டியோடு நாலு பேர். கீழ்வீட்டு வாசலில் தொடங்கச் சொன்னேன், கோம்பைகள் அங்கேதானே என்று. அங்கே நாலே நாலு கோம்பை. மேலே வர வர மண்ணும் பொலித்தீனும். என் கடை வாசலுக்கு வந்ததும் வயது போன ஒருவர் நீளத் தடி ஒன்றைச் சிலாப்புக்குக் கீழே விட்டார். ஒரு முழம் போனது, நின்றது. மற்றப் பக்கம் போய் விட்டார். அங்கேயும் ஒரு முழம். தடியை இழுத்து, ஈரம் பிடித்த இடத்தை விரலால் அளந்து காட்டினார். “தங்கச்சி, உங்கட கடைக்குக் கீழதான் நிக்குது.”

2019 இல் நான்தான் அந்தச் சிலாப்பைப் போட்டேன். வாடிக்கையாளர் மோட்டார் சைக்கிள் நிறுத்த வசதி. யாரிடமும் கேட்கவில்லை. மேசன் காசு மிச்சம் பிடிக்கக் கானுக்குள்ளேயே இரண்டு கல் தூண் கட்டி அதன் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆறு வருடமாக மேலிருந்து வந்த எல்லாம் அந்தத் தூணில் சிக்கி இறுகிப் போயிருக்கிறது. அலவாங்கால் குத்தித்தான் எடுத்தார்கள். பொலித்தீன், ஒரு பிள்ளையின் சப்பாத்து, பம்பர்ஸ். அப்புறம், சொல்லத்தானே வேண்டும், களியாய்ப் போன கடதாசி. என் கடைக் கழிவுக் கடதாசி. ஒரு துண்டில் எழுத்துக்கூடத் தெரிந்தது, யாருடையதோ அடையாள அட்டை விண்ணப்பம்.

போன வருடம் வெள்ளத்தில் அதே சிலாப்பில் ஏறி நின்று படம் எடுத்துப் போட்டவள் நான். கீழ்வீட்டு அண்ணை மதிலுக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய கரைச்சல்.

2025 செப்டம்பர் 24

சிலாப்பை உடைத்தாகிவிட்டது. உடைக்கிற கூலி போட்ட கூலியை விடக் கூட. இப்போது கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கிறில் போட்டிருக்கிறேன், இந்த முறை கேட்டு, கடிதம் கொடுத்து. பிரதி இருக்கிறது.

“அப்ப சபை இல்லாத காலத்தில ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சபை இருந்த காலத்திலும் சொல்லவில்லையே. 2019 இல் உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர் அந்தச் சிலாப்பிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொப்பி எடுத்தார்.

கீழ்வீட்டு அண்ணைக்கு ஒரு சீப்பு கதலி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். கோம்பையைப் பற்றி நான் எழுதினதை மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாவாம்.

2025 நவம்பர் 5

இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் ஷொப்பிங் பை சும்மா தரக்கூடாது, காசு எடுக்க வேண்டும். கொப்பிகளை இனிப் பழைய பேப்பரில் சுற்றித் தருகிறேன். ஒருவர் அதற்கும் “சும்மாவா?” என்று கேட்டார்.

2025 டிசம்பர் 4

டித்வா புயல். எங்கள் ஒழுங்கையைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. மூதூர், வெருகல் பக்கம் ஊரே தண்ணீருக்குள் கிடந்தது.

கேட்டவர்களுக்காக மட்டும்: இங்கே கணுக்கால் வரைக்கும் ஏறியது, மழை விட்டதும் வடிந்தது. ரீம்களை இந்த முறை முதல் நாளே தூக்கிவிட்டேன்.

வீடு துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா தருகிறது. அதற்கு அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்று பிரதி எடுக்கக் கடையில் வரிசை. முதல் நாள் வழமை மாதிரிக் காசு வாங்கினேன். ஒரு அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த தாளை அவிழ்த்து நீட்டினா. தாள் ஈரம். பக்கத்து மேசையில் காய வைத்துவிட்டு அவவின் பிரதிகளைக் கொடுத்தேன். அவ போன பிறகும் தாள் அங்கேயே காய்ந்துகொண்டு கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வாங்கவில்லை. கூப்பிட்ட சத்தம் போதாதோ என்று இன்னும் யோசனையாக இருக்கிறது.

2025 டிசம்பர் 16

உவர்மலைத் தங்கச்சி எழுதியிருக்கிறா. போஸ்டர் எல்லாம் மழைக்கு ஊறி உரிந்து விழுந்ததாம். கம்ப இலக்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தா, ஒரு கிழமைக்குள் வந்து மாற்றிவிட்டார்கள். இப்போது அந்த லைற் பகலிலும் எரிகிறதாம். ஆரிட்டச் சொல்லுறது என்று கேட்கிறா.

பிள்ளை, போன கடிதத்துப் பிரதி இருக்குத்தானே? அதே இலக்கம்தான். “எரியவில்லை” என்ற இடத்தை மட்டும் மாற்றுங்கோ.